ஆயாவின் டிரங்குப் பெட்டியும் பதினோரு வெள்ளிக் காசும்

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டில் இருந்தேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில், ஆயா என்று நாங்கள் கூப்பிட்ட பாட்டியின் வீட்டில் அத்தை மட்டும்தான். ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. விடியற்காலையில் அத்தை போன் செய்தார். "முத்தம் ரொம்பிடுச்சும்மா, கூடத்துக்குத் தண்ணி ஏறுது. ஆயா பொட்டி கட்டிலுக்கு அடியிலயே இருக்கு, என்னால இழுக்க முடியல" என்றார். அதற்குள் தென்பெண்ணையிலும் வெள்ளம். சாலை வடிந்து நான் போய்ச் சேர மூன்று நாள் ஆனது.

ஆயா போய் அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பெட்டியை யாரும் திறக்கவில்லை. திறந்தால் பங்கு பேச வேண்டும், பங்கு பேசினால் மனத்தாங்கல் வரும் என்று பெரியப்பா குடும்பமும், நாங்களும், அத்தையும் ஒரே மாதிரி ஒதுங்கியிருந்தோம். மழைதான் திறக்க வைத்தது.

உள்ளே இருந்தவை இவை: துணிப் பையில் பதினோரு பெரிய வெள்ளிக் காசு. கெம்புக் கல் அட்டிகை ஒன்று. ஒரு சாண் உயரம்கூட இல்லாத, வெண்ணெய் உருண்டையோடு தவழும் கிருஷ்ணன் விக்கிரகம். பூப்போட்ட பீங்கான் தட்டு ஆறு. கண்ணாடி போட்ட லட்சுமி படம். அடியில் ஈரத்தில் ஒட்டிக்கொண்ட போட்டோக்களும் பிரெஞ்சில் எழுதிய காகிதக் கட்டும். என் கொள்ளுத்தாத்தா, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனில் சுங்க இலாகாவில் வேலை பார்த்தவர். புதுச்சேரியில் நிறைய வீடுகளில் இப்படி ஒரு சைகோன் தாத்தா உண்டு. அவர் கொண்டுவந்தது என்று சொல்லித்தான் இந்தப் பெட்டியை எங்களுக்குச் சிறுவயதில் காட்டுவார்கள், தொட விடமாட்டார்கள்.

முதலில் காகிதம். ஈரமான காகிதத்தையும் போட்டோவையும் பார்த்ததும் வெயிலில் காயப்போடத்தான் கை போகும். அத்தை அப்படித்தான் மாடியில் நாலைந்தைப் பரப்பியிருந்தார். அவை அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டன. எனக்குத் தெரிந்த பழைய ஸ்டுடியோக்காரர் ஒருவர் போனிலேயே சொல்லிக் கொடுத்தார். ஒன்றோடு ஒன்று ஒட்டிய போட்டோவைப் பிய்க்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள், தானாக விடும். விட்டதும் படம் மேலே இருக்கிற மாதிரி நிழலில் வைத்து மின்விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள். எழுதிய காகிதத்தைத் தண்ணீரில் போடவே கூடாது, மை கரைந்துவிடும். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, தாள் நனைய நனைய மாற்றுங்கள். இரண்டு நாள் உட்கார்ந்து செய்தோம். முப்பத்திரண்டு போட்டோவில் இருபத்தேழு பிழைத்தன. அந்தக் காகிதங்கள் பின்னால் எவ்வளவு தேவைப்படப் போகின்றன என்று அப்போது தெரியாது.

அடுத்த வாரமே பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் வந்தார். புயலுக்குப் பிறகு தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தார் போல. மரியாதையான மனிதர், குரலே உயர்த்தவில்லை. அவர் பேசிய முறையை நான் அப்போது கவனிக்கவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தால் ஒவ்வொன்றாகப் பிடிபடுகிறது. வந்ததும் கூடத்தில் கிடந்த தாமிர அண்டாவுக்குத்தான் பேரம் பேசினார். அரை மணி நேரம் அண்டாவைப் பற்றியே பேச்சு. எடை போட்டார், ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கிலோவுக்கு ஐம்பது ஐம்பதாக ஏற்றினார். கடைசியில், கிளம்பும்போது சொல்கிற மாதிரி, "அந்தக் காசு, படம், அந்தச் சாமி பொம்மை எல்லாம் சேத்து மொத்தமா 40,000 குடுக்கறேன், இன்னைக்கே கையில" என்றார். அண்டாவுக்கு நல்ல விலை கொடுத்த மனிதர் ஆயிற்றே என்று எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

தடுத்தவர் அத்தை. 1994-இல் நடந்தது அவருக்கு மறக்கவில்லை. கொள்ளுத்தாத்தா சைகோனிலிருந்து கொண்டுவந்த, கருப்பு மரத்தில் முத்துச்சிப்பி பதித்த ஒரு அலமாரி எங்கள் கூடத்தில் நின்றது. பறவையும் மூங்கிலும் சிப்பியில் மின்னும். விளக்கு வைத்தால் பச்சையும் ரோஜா நிறமுமாக அசையும். "செல் அரிச்சிருக்கு, வெறகு விலைதான் வரும்" என்று ஒரு வியாபாரி சொன்னதை நம்பி அப்பா 1,200 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். செல் அரித்தது பின்பலகை மட்டும். அது மாற்றக்கூடிய பலகை. அந்த அலமாரி நின்ற இடத்தில் தரை இன்றும் வேறு நிறமாக இருக்கிறது.

"வாங்க வந்தவன்கிட்டயே வெல கேட்டா அவன் என்னத்தச் சொல்லுவான்? வாங்க வராதவங்களாப் பாத்துக் கேளு" என்றார் அத்தை. அடுத்த ஏழெட்டு மாதம் நான் செய்ததெல்லாம் இந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு செய்ததுதான்.

காசு விஷயத்தில் எனக்கு வாய்த்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், நாற்பது வருடமாக நாணயம் சேர்ப்பவர். நாணயக் கண்காட்சி ஒன்றில் பார்த்துப் பேசினேன். முதலிலேயே, "உங்க காசை நான் வாங்க மாட்டேன், என் சேகரிப்பு வேற. அதனால தைரியமா கேளுங்க" என்றார். அவர் வீட்டு மேசையில் மெத்தென்ற துணி விரித்து, காசை விளிம்பில் மட்டும் பிடிக்கச் சொன்னார்.

அது சைகோன் உள்ளிட்ட பிரெஞ்சு இந்தோசீனாவின் பியாஸ்த்ர். வியாபாரத்துக்கென்று அடித்த வெள்ளிக் காசு. முன்பக்கம் தலையில் கதிர்கள் விரிந்த பெண் உட்கார்ந்திருப்பாள். பின்பக்கம் இலை வளையத்துக்குள் காசின் பெயரும், அதன் தரமும் எடையுமே எழுதியிருக்கும். 1895-க்குப் பிறகு வந்தவற்றில் எடை 27 கிராம், வெள்ளி ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம். அதாவது ஒரு காசில் சுத்த வெள்ளி 24.3 கிராம். இந்தக் கணக்குத் தெரிந்தால் அன்றைய வெள்ளி விலையைப் பெருக்கி, இதற்குக் கீழே யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற தரைமட்ட விலையை நீங்களே போட்டுக்கொள்ளலாம். நம் வீடுகளில் அதிகம் கிடக்கும் விக்டோரியா ராணி, ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபாய்க்கும் அப்படியே: 11.66 கிராம், அதில் வெள்ளி ஆயிரத்துக்கு 917, ஆக சுத்த வெள்ளி ஏறக்குறைய 10.7 கிராம். 1940-களில் வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, நிக்கல்.

பிறகு தராசை எடுத்தார். நகைக்கடையில் வைத்திருப்பது மாதிரி சின்ன மின்தராசு. பதினொன்றில் ஒன்பது 26.7-க்கும் 27-க்கும் நடுவே நின்றன. ஒன்று 23.4 காட்டியது. இன்னொன்று எடை சரியாக 26.9, ஆனால் கையில் வைத்ததும் அவர் முகம் மாறியது. "கொஞ்சம் தடிமனா இல்ல?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவர் செய்து காட்டிய சோதனையை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம், காசுக்கு ஒரு கீறலும் விழாது. ஒரு சின்ன தம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிட்டார். தராசு 2.62 காட்டியது. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் 10.3 வருகிறது. தொள்ளாயிரம் தர வெள்ளியின் அடர்த்தி அதுதான். தடிமனான காசைத் தொங்கவிட்டதும் தராசு 3.16-க்கு ஏறியது. வகுத்தால் 8.5. பித்தளை. மேலே வெள்ளி முலாம். 23.4 கிராம் காசும் அதே 8.5. காந்தத்தை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு அசல் என்று நம்பாதீர்கள் என்றார். பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது.

ஒன்பது காசில் இரண்டின் மேல் பொடிப் பொடியாகக் குத்தின தடம் இருந்தது. ஆயா அதைக் குழந்தைகள் ஆணி வைத்துக் குத்தியது என்று சொல்வார். ஆசிரியர் லென்ஸைக் கையில் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். பத்து மடங்கு பெரிதாகத் தெரிந்தபோது அது ஆணித் தடம் இல்லை, சின்னஞ்சிறு எழுத்து. சீன வியாபாரிகள் கைக்கு வரும் வெள்ளிக் காசைச் சோதித்து, இது நல்ல வெள்ளி என்று தங்கள் முத்திரையைக் குத்துவார்களாம். அந்தக் காசு எத்தனையோ கடைப் பெட்டிகளில் புரண்டு, கடைசியில் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் சம்பளமாகக் கைக்கு வந்திருக்கிறது. அதை மறுபடி துணிப் பையில் போட எனக்கு மனசு வரவில்லை.

ஒரு காசு மட்டும் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. சின்ன வயதில் என் அக்கா விபூதி வைத்துத் தேய்த்தது. அதைத்தான் நான் சிறந்த காசு என்று நினைத்து மேலே வைத்திருந்தேன். அவர் அதை எடுத்து, தேய்த்த தடம் ஒரே பக்கமாக ஓடுவதைக் காட்டினார். சேகரிப்பவர்கள் தேடுவது காசின் மேல் காலம் படியவிட்ட சாம்பல் நிறத்தை. அதைத் தேய்த்து எடுத்தபின் மிஞ்சுவது வெள்ளி விலைதான். அவர் சொன்ன மதிப்பில், தேய்க்காத ஒரு 1908-ஆம் வருடக் காசு அதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகும்.

நான் ஏற்கெனவே கிருஷ்ணனைத் தேய்த்துவிட்டு வந்திருந்தேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

அட்டிகைக்கு மூன்று இடம் போனேன். முதலில் ஒரு நகைக்கடை. மொத்த எடை 42.3 கிராம், கல்லும் அரக்கும் போக 29 என்று மதிப்பிட்டு, கேரட் மீட்டரில் 20 கேரட் சொன்னார்கள். அவர்கள் சொன்னது தப்பில்லை. உருக்கும் தங்கத்துக்கு என்ன தருவோம் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. வங்கியில் அடகுக்கு மதிப்புப் போடுகிறவரும் அதையேதான் பார்ப்பார். கல்லுக்கும் வேலைப்பாட்டுக்கும் அங்கே இடம் இல்லை.

இரண்டாவது, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நகை செய்யும் ஒரு வயதான பத்தர். உரைகல்லில் இரண்டு இடத்தில் உரைத்துப் பார்த்தார். ஒட்டு வைத்த இடத்தில் தரம் குறைவாகவும், தகட்டில் கூடுதலாகவும் இருந்தது. மெஷின் பட்ட இடத்தின் மேற்பரப்பை மட்டும் சொல்லும், பழைய நகையில் பத்து ஒட்டு இருக்கும், அதனால் நாலு இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். பிறகு அட்டிகையைத் திருப்பி, கல்லுக்குப் பின்னால் முழுக்கத் தங்கம் மூடியிருப்பதைக் காட்டினார். உள்ளே கல்லுக்கு அடியில் பளபளக்கும் தகடு, அதன் கீழ் அரக்கு. ஈரம் புகுந்தால் தகடு கறுத்து, கல்லே செத்த மாதிரி ஆகிவிடும். இந்த மாதிரி நகையை வெந்நீரில் ஊறவைக்கக் கூடாது. கடையில் அதிர்வு மெஷினில் போட்டுக் கழுவித் தருகிறோம் என்றாலும் கொடுக்கக் கூடாது. புயல் தண்ணீரில் எங்களுடையதில் நான்கு கல் அப்படித்தான் கறுத்திருந்தது. அவை ஈரத்தில் கறுத்த கல் என்று தெரியாமல், நகைக்கடையில் மட்டமான கல் என்று ஒதுக்கியிருந்தார்கள்.

மூன்றாவது சென்னையில் ஒரு ரத்தினப் பரிசோதனைக்கூடம். கட்டணம் வாங்கிக்கொண்டு கல் என்ன கல் என்று எழுதித் தருவார்கள். விலை சொல்ல மாட்டார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. இருபத்து மூன்று சிவப்புக் கல்லில் பதினான்கு இயற்கை மாணிக்கம், ஒன்பது செயற்கை. மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்கள். செயற்கைக் கல்லுக்குள் இசைத்தட்டில் இருப்பது போல வளைந்த கோடுகள், நடுநடுவே உருண்டைக் காற்றுக்குமிழி. பிரான்சில் வெர்னாய் என்ற வேதியியலாளர் தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். அதற்குப் பிறகு வந்த கற்கள் இவை. ஆக, முப்பாட்டி காலத்து நகை, எல்லாமே பர்மா கெம்பு என்று நாங்கள் கேட்டு வளர்ந்த கதையில் ஒரு பகுதி நிற்காது. ஒன்று, நகையே 1902-க்குப் பிந்தையது; இல்லை, விழுந்த கல்லுக்குப் பதிலாகப் பின்னால் வேறு கல் வைத்திருக்கிறார்கள். பின்பக்க மூடியில் சில இடத்தில் மட்டும் ஒட்டின் நிறம் மாறியிருப்பதால் பத்தர் இரண்டாவதைத்தான் சொன்னார்.

வீட்டில் சொல்ல எனக்குத் தயக்கம். அத்தை ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆயா பொய் சொல்லலம்மா. கல்லு மாத்துனவன் அவங்ககிட்ட என்ன சொன்னானோ அதத்தான் நம்மகிட்ட சொன்னாங்க" என்றார்.

தட்டுக்கும் படத்துக்கும் அதிக நேரம் ஆகவில்லை. நெப்போலியன் காலத்துத் தட்டு என்று பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார். திருப்பினால் அடியில் செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை. அந்த நாடே 1918-இல்தான் பிறந்தது. இப்படி முத்திரையில் இருக்கும் நாட்டின் பெயரை வைத்தே பாதி வேலை முடிந்துவிடும், நிபுணர்கூட வேண்டாம். லட்சுமி படம் ரவிவர்மா அச்சகப் படத்தின் சாயலில் இருந்தது, புடவைக்கு ஜரிகையும் மணியும் ஒட்டியிருந்தார்கள். அச்சகம் பம்பாயில் 1894-இல் தொடங்கியது. அந்தக் காலக் கல்லச்சுப் படத்தை லென்ஸில் பார்த்தால் வண்ணப் புள்ளிகள் மணல் தூவியது மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்கும். பின்னால் வந்த மறுபதிப்பில் புள்ளிகள் வரிசை பிசகாமல், சின்னச் சின்ன ரோஜா வட்டமாக நிற்கும். எங்கள் படம் மணல் தூவியது மாதிரிதான் இருந்தது. ஆனால் எப்போதோ சட்டம் போட்டவர் கண்ணாடி அளவுக்காகக் கீழ் ஓரத்தை வெட்டிவிட்டார். அச்சகத்தின் பெயர் இருக்கும் இடம் அது. பழைய படத்துக்குப் புதுச் சட்டம் போடக் கொடுத்தால், ஒரு நூல்கூட வெட்டாதே என்று பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள்.

இனி கிருஷ்ணன்.

பெட்டியிலிருந்து எடுத்தபோது உடம்பெல்லாம் கறுத்து, பீடத்தின் ஓரத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஆயா இருந்தவரை கோகுலாஷ்டமிக்கு எடுத்துப் பூசை செய்வார். அதனால் எனக்கு அது அழுக்காகத்தான் தெரிந்தது. நிபுணரிடம் காட்டப் போகிறோம், பளிச்சென்று இருக்கட்டும் என்று புளியும் பித்தளை விளக்கும் பொடியும் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். பீடத்துக்கு அடியில் குழிவாக இருந்தது. அதற்குள் கருப்பாக, சுட்ட மண் மாதிரி ஏதோ கெட்டியாக ஒட்டியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷாலும் ஊக்காலும் சுரண்டிச் சுரண்டிச் சுத்தமாக எடுத்து, தொட்டியில் கழுவி விட்டேன்.

ஒரு அருங்காட்சியகத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் விக்கிரகத்தின் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகத் தலைகீழாகத் திருப்பி அடியைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இங்க மண்ணு ஏதாவது இருந்துச்சாம்மா?"

சொன்னேன். அவர் கோபப்படவில்லை, பொறுமையாக விளக்கினார். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவது நம் ஊர் வார்ப்பு முறை. குழிவாக வர வேண்டிய இடத்தில் உள்ளே ஒரு மண்கரு வைப்பார்கள். வார்க்கும்போது அது சுட்டுப்போகும். அந்த மண் கடைசியாக எப்போது அவ்வளவு சூடேறியது என்று அளக்கும் ஆய்வுக்கூடச் சோதனை இருக்கிறது. இவ்வளவு சின்ன விக்கிரகத்துக்கு யாரும் அந்தச் செலவு செய்யமாட்டார்கள், அதனால் பெரிய நஷ்டம் என்று நினைக்க வேண்டாம் என்றார். ஆனால் அந்த மண்ணும், மடிப்புகளில் இருந்த கறுப்பும் இருந்திருந்தால், அவரே கண்ணால் பார்த்து இன்னும் உறுதியாகப் பேசியிருப்பார். வருடக்கணக்கில் அபிஷேகம் செய்து மூக்கும் கன்னமும் மழுங்கியது வேறு. அது அந்தச் சாமியின் வாழ்க்கை, அதில் குறை ஒன்றும் இல்லை. நான் ஒரு மணி நேரத்தில் செய்தது வேறு. இடுப்புச் சங்கிலியின் வேலைப்பாட்டையும் கால் மடிப்பையும் வைத்து, நூறு வருடத்துக்கு மேல் என்பது வரை சொல்வேன், அதற்கு மேல் எழுதித் தர மாட்டேன் என்றார்.

அந்த மண் தொட்டியில் ஓடிய நிறம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. வீட்டில் பழைய வெண்கலமோ, செம்போ, மரமோ எதுவானாலும், காட்டுவதற்கு முன் மெல்லிய துணியால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மரச்சாமானுக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள். கழன்ற பிரம்பு, உடைந்த கைப்பிடி, பழைய ஆணி எதையும் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டுக் கூடவே எடுத்துப் போங்கள்.

நூறு வருடத்துக்கு மேல் என்று அவர் சொன்னதுமே வேறொரு விஷயமும் வந்து சேர்ந்தது. 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. நூறு வருடம் கடந்த சிற்பம் கல்லோ, உலோகமோ, மரமோ, தந்தமோ, சுடுமண்ணோ எதுவானாலும், அப்படியே ஓவியமும் சித்திரம் வரைந்த சுவடியும், வீட்டில் வைத்திருப்பவர் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தால் அரசாங்கம் எடுத்துக்கொண்டு போய்விடும் என்று எங்கள் வீட்டில் பயந்தார்கள். அப்படி இல்லை. பொருள் நம் வீட்டிலேயே இருக்கும், பெயர் மாறினால் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். தொல்பொருளை வாங்கி விற்கும் தொழில் செய்பவருக்கு உரிமம் வேண்டும். எங்கள் வாசலுக்கு வந்தவரிடம் அதை நான் கேட்டிருக்க வேண்டும்.

இதைச் சொல்லும் காரணம் பிரான்சில் இருக்கும் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். பங்கில் தனக்குக் கிருஷ்ணன் மட்டும் போதும் என்றார். ஆசையாகத்தான் கேட்டார், அவர் குழந்தையாக இருந்தபோது அந்த விக்கிரகத்தைத் தொட்டிலில் போட்டு ஆட்டியதை அவரே சொன்னார். "கைப்பையில துணி சுத்தி வச்சா யாரு பாக்கப் போறா?" என்றும் கேட்டார். நூறு வருடம் கடந்த எந்தத் தொல்பொருளையும் தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பிடிபட்டால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. காசும் அந்தக் கணக்கில் சேரும், 1908 காசு உட்பட. பொருள் அவ்வளவு பழசு இல்லை என்றால், இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கி எடுத்துப் போகலாம். புதுச்சேரியில் நிறைய வீடுகளில் யாராவது பிரான்சில் இருக்கிறார்கள்; லீவுக்கு வந்து, ஆயா நினைவாக ஒன்று என்று எடுத்துப் பெட்டியில் வைப்பது சாதாரணமாக நடக்கிறது. தயவுசெய்து முதலில் கேளுங்கள். அண்ணனிடம் நான் அரை மணி நேரம் பேசினேன். அவர் ஒரு வார்த்தை சொன்னார்: "அப்ப அது இங்கயே இருக்கட்டும், என் பேர்ல இருக்கட்டும்."

பங்குக்கு நாங்கள் செய்த முறை இது. ஒரு நோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஸ்கேல் வைத்து முன், பின், அடி, விளிம்பு என்று எடுத்த போட்டோ. யார் பார்த்தார், என்ன சொன்னார், எந்தத் தேதியில். அதற்குக் கீழே இரண்டு தொகை: விற்றால் கைக்கு வருவது, இதே போல ஒன்று வாங்கப் போனால் ஆவது. இரண்டும் ஒன்றாகவே இருக்காது. அட்டிகைக்கு இரண்டாவது தொகை முதலாவதைப் போல இரு மடங்குக்கும் மேல். விற்பவர் ஒருவர், வைத்துக்கொள்பவர் ஒருவர் என்றால் எந்தத் தொகையை வைத்துக் கணக்குப் போடுவது என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டோம். எங்களுக்குள் சண்டை வராமல் போனதற்கு அந்தப் பக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

மதிப்பிட்டவர்கள் எல்லோருக்கும் கட்டணம் கொடுத்தேன். வேண்டாம் என்றவர்களுக்குப் பழம் வாங்கிப் போனேன். விலையில் இத்தனை சதவீதம் என்று கேட்ட ஒருவரிடம் மட்டும் கொடுக்கவில்லை. தொகை ஏற ஏற அவர் வருமானம் ஏறும் என்றால், நான் அவர் சொல்லும் எண்ணை எப்படி நம்புவது? வருமான வரிக்கும் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் இவற்றுக்கு வீட்டுச் சாமான் என்ற விலக்கு கிடையாது, விற்றால் மூலதன ஆதாயம் பார்க்க வேண்டும். 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்தில் இருந்ததென்றால் அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வாங்கி வைத்தால் போதும்.

பிரெஞ்சுக் காகிதக் கட்டை மறக்கவில்லை. நாணய ஆசிரியரும், அருங்காட்சியகப் பெரியவரும், இருவரும் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி ஒன்றே: இது உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது, காகிதம் ஏதாவது இருக்கிறதா? பிரெஞ்சு தெரிந்த பக்கத்து வீட்டுச் சொல்தா தாத்தா ஒருவர் (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம்) மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துச் சொன்னார். கொள்ளுத்தாத்தாவின் நியமன உத்தரவு, 1926, சைகோன். சம்பளம் பியாஸ்த்ர் கணக்கில். பிழைத்த போட்டோ ஒன்றில் சிப்பி பதித்த அந்த அலமாரி, அதற்கு முன்னால் கொள்ளுத்தாத்தா நாற்காலியில், மடியில் சின்ன வயதுத் தாத்தா. அலமாரி எங்களிடம் இல்லை. ஆனாலும் நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் போட்டு, போட்டோவை ஒட்டி, 1994, 1,200 ரூபாய் என்று எழுதியிருக்கிறேன்.

போன வாரம் பதிவு விண்ணப்பத்துக்காகக் கிருஷ்ணனைப் போட்டோ எடுத்தோம். உருவம் முழுக்கத் தெரிய வேண்டும் என்பதால் பூவும் பாவாடையும் எடுக்கச் சொன்னேன். அத்தை தானே எடுத்தார். சந்தனம் காய்ந்திருந்த இடத்தை ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார், தேய்க்கவில்லை. நான் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து நாலு பக்கமும் படம் எடுத்தேன். முடிந்ததும், "ஆச்சா?" என்று கேட்டுவிட்டு, பாவாடையைத் திரும்பக் கட்டினார்.